பெட்டியைத் தட்டிவிட்டுத் திற

பொந்தில் குடியிருக்கும் பறவைகள் எவை என்று கேட்டால் கிளி, மைனா, மரங்கொத்தி, ஆந்தை என்று உடனே அடுக்கிவிடுவீர்கள். பனங்காடையையும் கொண்டலாத்தியையும் சேர்த்துச் சொல்கிறவர்களும் உங்களில் இருப்பார்கள். இந்தப் பட்டியலில் இரண்டு வகையினர் கலந்திருக்கிறார்கள். மரங்கொத்தியும் குக்குறுவானும் தாங்களே மரத்தைக் குடைந்து வீடு அமைத்துக்கொள்ளும். மைனாவுக்கும் ஆந்தைக்கும் அப்படிக் குடையத் தெரியாது. மரங்கொத்தி காலி செய்துவிட்டுப் போன பொந்தோ, கிளை முறிந்த இடம் உளுத்து உண்டான குழியோ, சுவர் ஓட்டையோ கிடைத்தால்தான் அவை முட்டையிட முடியும். அதனால் ஊரில் ஒரு பட்டமரத்தை வெட்டினால், பல பறவைகளுக்கு அந்த ஆண்டு வீடே இல்லாமல் போய்விடும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இப்படி வீடு இழந்த ஒரு பறவையைப் பற்றியும், அதற்குப் பெட்டி வைத்துக் காத்தவர்களைப் பற்றியும் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். பெட்டி செய்வதைவிட, செய்த பெட்டியைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அங்கே பாடமும் பயிற்சியும் அதிகம். அந்தப் பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

பறவையின் பெயர் புளூபேர்டு. நாம் நீலக்குருவி என்றே அழைப்போம். எடை சுமார் 30 கிராம். ஆண் பறவையின் முதுகும் வாலும் பளிச்சென்ற நீலம், மார்பு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. பெண் பறவையும் அதே நிறங்கள்தான், ஆனால் மங்கலாக இருக்கும். புல்வெளியோரத்துக் கம்பியிலோ வேலியிலோ உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளியோ புழுவோ அசைந்தால் ஒரே பாய்ச்சலில் இறங்கிப் பிடித்துவிடும். நியூயார்க், மிசௌரி ஆகிய இரண்டு மாநிலங்கள் இதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன.

ஒரு காலத்தில் இது பண்ணை தோறும் இருந்தது. பழத்தோட்டத்து மரங்களிலும் உளுத்த மர வேலிக்கால்களிலும் பொந்துகளுக்குக் குறைவில்லை. பிறகு பட்டமரங்களை அகற்றத் தொடங்கினார்கள். மர வேலிக்கால்கள் போய் இரும்புக் கால்கள் வந்தன. பூச்சிமருந்து தெளித்ததில் இரையும் குறைந்தது. இத்தனைக்கும் நடுவில், ஐரோப்பாவிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து விட்ட இரண்டு பறவைகள் மிச்சமிருந்த பொந்துகளுக்கும் போட்டிக்கு வந்தன. ஒன்று ஸ்டார்லிங், நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1890-இலும் 1891-இலும் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் சுமார் நூறு ஸ்டார்லிங்குகளைத் திறந்துவிட்டார்கள். அவை பெருகிக் கண்டம் முழுவதும் பரவிவிட்டன. இன்னொன்று யார் தெரியுமா? நம் வீட்டுச் சிட்டுக்குருவியேதான். 1850-களில் நியூயார்க் அருகே புரூக்ளினில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நீலக்குருவியைப் பார்ப்பதே பல ஊர்களில் அரிதாகிவிட்டது. அப்போது சிலர் பொந்துக்குப் பதில் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரத்து மசல்மன் 1930-களில் கிராமச் சாலையோரமாக வரிசையாகப் பெட்டிகளை மாட்டினார். அந்த வரிசையை ஒரு தடம் என்று வைத்து, வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போவார். பின்னாளில் லாரன்ஸ் செலனி என்பவர் இதை நாடு தழுவிய வேலையாக மாற்றினார். அவர் அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உயிர்வேதியியலாளர். மேரிலாந்தில் பெட்டித் தடம் ஒன்றை நடத்திக்கொண்டே கட்டுரைகளும் ஒரு புத்தகமும் எழுதினார். 1978-இல் வட அமெரிக்க நீலக்குருவிச் சங்கம் பிறந்தது அவருடைய முயற்சியால்தான். பள்ளி மாணவர்கள், ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள், விவசாயிகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டி மாட்டினார்கள். நீலக்குருவிகளும் திரும்பி வந்தன.

பெட்டி மாட்டினால் போதுமா? போதாது. யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி பறவைக்குப் பொறியாகவும் மாறிவிடலாம். பாம்பு ஒருமுறை ருசி கண்டால் திரும்பத் திரும்ப வரும். மழைநீர் உள்ளே தேங்கிக் கூடு நனைந்தால் குஞ்சுகள் குளிரில் சாகும். ரத்தம் குடிக்கும் ஒரு வகை ஈயின் புழுக்கள் கூட்டின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் குஞ்சுகளைக் கடிக்கும். காட்டுப் பொந்திலும் இதெல்லாம் நடக்கும். ஆனால் அந்தப் பொந்துக்குப் பறவையை நாம் அழைக்கவில்லை. பெட்டிக்கு நாம்தான் அழைத்தோம். எனவே பொறுப்பும் நம்முடையது. செலனியும் அவர் தோழர்களும் பெட்டி மாட்டுகிறவர்களிடம் இதைத்தான் வற்புறுத்தினார்கள்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் அங்குள்ள பறவைச் சங்கங்களும் இயற்கை மையங்களும் புதிய தன்னார்வலர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. முதலில் பெட்டியையே பாடமாகப் படிக்கிறார்கள். வாசல் துளையின் விட்டம் 38 மில்லிமீட்டர். ஏன் இந்தக் கணக்கு? அந்த அளவில் நீலக்குருவி நுழைந்துவிடும், உடல் பெருத்த ஸ்டார்லிங்கால் நுழைய முடியாது. சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு எதிரியையே வெளியே நிறுத்திவிடுகிறது! வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கக் கூடாது. நீலக்குருவிக்கு அது தேவையில்லை, வம்புக்கு வரும் பறவைகளுக்குத்தான் உதவும். பலகைக்கு உள்பக்கம் பெயின்ட் கூடாது. வாசலுக்குக் கீழே உள்பக்கம் கீறல்கள் போட்டிருக்க வேண்டும், குஞ்சு நகம் பதித்து ஏறி வர அதுதான் ஏணி. அடியில் நீர் வடியத் துளை, மேலே காற்று போக இடைவெளி, ஒரு பக்கம் கதவுபோல் திறக்கும் பலகை. இவ்வளவும் சரியாக அமைந்த பெட்டியை மரத்தில் மாட்டக் கூடாது. பாம்பும் ரக்கூன் என்ற விலங்கும் மரத்தில் சுலபமாக ஏறிவிடும். வழவழப்பான இரும்புக் கம்பத்தில் மாட்டி, பெட்டிக்குக் கீழே கம்பத்தைச் சுற்றி அகலமான தகரக் குழாய் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஏறிவரும் பிராணி அந்தக் குழாயைத் தாண்ட முடியாமல் இறங்கிவிடும்.

அடுத்த பாடம், உள்ளே யார் குடிவந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. தாய்ப்பறவை இல்லாத நேரத்திலும் கூட்டை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். காய்ந்த புல்லையோ ஊசியிலைகளையோ வளைத்து நேர்த்தியாகக் கிண்ணம்போல் இருந்தால் நீலக்குருவி. புல் கிண்ணத்துக்குள் வெள்ளை இறகுகளைப் பரப்பியிருந்தால் மரத் தகைவிலான். பச்சைப் பாசியை மெத்தையாகப் போட்டு அதன்மேல் மிருக ரோமம் விரித்திருந்தால் சிக்கடீ. பெட்டி நிறையச் சுள்ளி அடைத்திருந்தால் ரென். வைக்கோல், துணிக்கிழிசல், காகிதம், இறகு என்று கண்டதையும் உச்சிவரை திணித்து வைத்திருந்தால், சந்தேகமே வேண்டாம், சிட்டுக்குருவி! முட்டையும் சாட்சி சொல்லும். நீலக்குருவியின் முட்டை இளநீலம், எப்போதாவது வெள்ளை. தகைவிலானின் முட்டை தூய வெள்ளை. ரென் முட்டை மிகச் சிறியது, செம்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான பாடம். பெட்டியை எப்போது, எப்படித் திறப்பது?

காலையில் சீக்கிரம் போகக் கூடாது. பெரும்பாலான சிறு பறவைகள் காலையில்தான் முட்டையிடும். மழையிலும் கடுங்குளிரிலும் திறக்கக் கூடாது, தாய் எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும். பெட்டியை நோக்கிப் போகும்போது பதுங்கிப் பதுங்கிப் போகாமல், வருவது தெரியும்படி நடக்க வேண்டும். பிறகு பலகையை மெல்லத் தட்ட வேண்டும். உள்ளே தாய் இருந்தால் வெளியே பறந்துபோக நேரம் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்க்கலாம். கூடு உயரமாக இருந்தால் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை நீட்டிப் பார்க்கிறார்கள். தட்டியும் தாய் எழாமல் முட்டைமேல் உட்கார்ந்திருந்தால் அதை விரட்டக் கூடாது. கதவை மூடிவிட்டு, ‘தாய் அடைகாக்கிறது’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம். அதற்குமேல் நிற்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை வந்தால் போதும்.

பூனையோ காகமோ பக்கத்தில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்குப் பெட்டிக்குப் போகவே கூடாது, நாமே இடத்தைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. பெட்டிவரை போய்விட்டு வந்த வழியே திரும்பக் கூடாது! புல்லை மிதித்துப் பெட்டியோடு முடிந்துபோகும் தடம் ஒன்றை உண்டாக்கினால், இரவில் ரக்கூன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கூட்டுக்கு வந்துவிடலாம். அதனால் பெட்டியைக் கடந்து வேறு பக்கமாக நடந்துபோய்விட வேண்டும். ரக்கூனின் மூக்கால் யோசித்துப் பார்த்த ஒருவர்தான் இந்த விதியை எழுதியிருக்க முடியும்.

குஞ்சைத் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். மனிதக் கை பட்டதற்காகப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. அப்படியிருந்தும் தன்னார்வலர்கள் முட்டையையும் குஞ்சையும் தொடுவதில்லை. முட்டை ஓடு மெல்லியது, குஞ்சின் எலும்பும் மென்மையானது. கண்ணால் பார்த்தாலே வேண்டிய செய்தி கிடைக்கும்போது கை எதற்கு? சட்டமும் அதையே சொல்கிறது. 1918 முதல் அமெரிக்காவில் நாட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் ஒரு சட்டம் பாதுகாத்து வருகிறது.

இப்போது கையில் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். நீலக்குருவி ஒரு நாளைக்கு ஒரு முட்டைதான் இடும். பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து முட்டைகள். ஏப்ரல் 10 மதியம் நீங்கள் பெட்டியைத் திறந்தபோது மூன்று முட்டைகள் இருந்தன. அப்படியானால் முதல் முட்டை இட்ட நாள் எது? ஏப்ரல் 8. நீங்கள் அன்று அங்கே இல்லை, இருந்தும் தேதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்! அடைகாக்கத் தொடங்கும் முதல் சில நாட்களில் தாய் சட்டென்று மிரண்டு போகலாம் என்பதால், கொஞ்சம் இடைவெளி விட்டு ஏப்ரல் 17-இல் போகிறீர்கள். ஐந்து முட்டைகள். கடைசி முட்டை ஏப்ரல் 12-இல் வந்திருக்கும். எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பிறகுதான் நீலக்குருவி சரியாக அடைகாக்கத் தொடங்கும். அதனால்தான் முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிகின்றன. அடைகாலம் 12 முதல் 14 நாட்கள். நடுவில் 13 என்று வைத்தால் ஏப்ரல் 25 வாக்கில் குஞ்சு.

பொரித்த அன்று குஞ்சுகளுக்குக் கண் திறந்திருக்காது, உடம்பில் அங்கங்கே கொஞ்சம் பஞ்சு ரோமம் மட்டும் இருக்கும். ஒரு வாரத்தில் கண் திறந்து, உறையோடு இறகுகள் முளைக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் சிறகில் நீலம் தெரியும். ஆண் குஞ்சுக்கு அந்த நீலம் அழுத்தமாக இருக்கும். இத்தனை குஞ்சுகள் இருந்தும் பெட்டி பெரிதாக நாறுவதில்லை. குஞ்சின் எச்சம் மெல்லிய பை ஒன்றுக்குள் சுருட்டியபடி வெளியே வரும், தாயும் தந்தையும் அதைக் கவ்விக்கொண்டு தூரத்தில் போட்டுவிட்டு வரும்.

பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கவே கூடாது. அந்த வயதில் குஞ்சு பயந்து வெளியே குதித்துவிடும். இறகு முழுவதும் வளராத குஞ்சு தரையில் விழுந்தால் பிழைப்பது கடினம். நம் கணக்கில் அந்த எல்லை மே 8. குஞ்சுகள் தாமாகப் பறக்கும் நாள், பொரித்து 17, 18 நாட்களில், அதாவது மே 12, 13 வாக்கில் வரும். அதுவரை தூரத்திலிருந்து தாய் இரை கொண்டுவருகிறதா என்று பார்த்தால் போதும். பறந்து போன பிறகு பழைய கூட்டை எடுத்துவிட்டுப் பெட்டியைச் சுத்தம் செய்வார்கள். அதே கோடையில் அதே சோடி மறுபடியும் முட்டையிட வரக்கூடும்.

சிட்டுக்குருவியின் கதையை இனியும் தள்ளிப்போட முடியாது. 38 மில்லிமீட்டர் துளை ஸ்டார்லிங்கை நிறுத்தும், சிட்டுக்குருவியை நிறுத்தாது. பெட்டிக்காக அது கடுமையாகச் சண்டை போடும். முட்டைகளைக் குத்தி உடைக்கும், குஞ்சுகளைக் கொல்லும், சில நேரம் அடைகாக்கும் தாயையே பெட்டிக்குள் மடக்கிக் கொன்றுவிடும். ஆகவே சிட்டுக்குருவி பெட்டிக்குள் கூடு கட்டத் தொடங்கினால் அதை எடுத்துப் போட்டுவிடும்படி தன்னார்வலர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். வெளியிலிருந்து வந்த பறவை என்பதால் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு இல்லை. நம் ஊரிலோ சிட்டுக்குருவி குறைகிறதே என்று கவலைப்பட்டு நாம் பெட்டி மாட்டுகிறோம். இரண்டும் சரிதான். இங்கே அது தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்த பறவை, அங்கே மனிதர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய பறவை. குற்றம் குருவியுடையது அல்ல, யோசிக்காமல் கொண்டுபோனவர்களுடையது.

மரத் தகைவிலானும் நீலக்குருவியின் பெட்டிக்குப் போட்டியிடும். ஆனால் அது அந்த மண்ணின் பறவை, அதன் கூட்டைத் தொடக்கூடாது. அதற்கு ஒரு அழகான தீர்வு கண்டார்கள். சில மீட்டர் இடைவெளியில் இரண்டு பெட்டிகளைச் சோடியாக வைத்தார்கள். ஒன்றில் தகைவிலான் குடியேறும். தன் இனத்தைச் சேர்ந்த வேறொரு சோடியைப் பக்கத்தில் அண்டவிடாது, நீலக்குருவி வந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக, இருவருக்கும் வீடு கிடைத்துவிடும்.

தன்னார்வலர்கள் எழுதும் குறிப்புகள் எங்கே போகின்றன? நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில் உள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகம் அவற்றைத் திரட்டி வைக்கிறது. 1960-களில் அட்டைகளில் எழுதி அனுப்பினார்கள், இப்போது கணினியில் பதிகிறார்கள். ஆய்வகத்தின் இந்தத் திட்டத்தில் சேருகிறவர்கள் நடத்தை விதிகளைப் படித்து ஒரு சிறு தேர்வும் எழுதலாம். என்ன எழுத வேண்டும்? பறவை, இடம், தேதி, முட்டை எத்தனை, உயிருள்ள குஞ்சு எத்தனை, இறந்தது எத்தனை, கடைசியில் என்ன ஆயிற்று. இந்தக் கடைசிக் கேள்விதான் மனசுக்குக் கஷ்டமானது. ஐந்து முட்டை இருந்த கூட்டில் இன்று ஒன்றுகூட இல்லை என்று எழுத யாருக்கும் கை வராது. நல்லபடியாகப் பறந்த கூடுகளை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், பறவைகள் எல்லாம் செழிப்பாக இருப்பதாக விஞ்ஞானிகள் தப்புக்கணக்குப் போடுவார்கள். அழிந்த கூட்டையும் அப்படியே எழுதுகிறவர்தான் நல்ல தன்னார்வலர்.

அப்படி எழுதிய குறிப்புகள் என்ன சாதித்தன என்று பாருங்கள். பீட்டர் டன், டேவிட் விங்க்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1959 முதல் 1991 வரை சேர்ந்த சுமார் 3,450 மரத் தகைவிலான் கூட்டுக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் தகைவிலான்கள் முட்டையிடும் காலம் ஒன்பது நாட்கள் வரை முன்னால் நகர்ந்திருந்தது. வசந்தகாலம் சூடாகிக்கொண்டே வந்ததுதான் காரணம் என்று 1999-இல் வெளியிட்டார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தேதி குறித்தவர்களில் யாரும் பருவநிலை மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் அல்ல. அவர்களுடைய தேதிகள் சரியாக இருந்ததால் அந்த உண்மை பிறகு வெளியே வந்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கும் ஒரு பொந்துக்குள் கையை விட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது வேட்டையாடுவதற்குச் சமம். கிளிப் பொந்துக்குள் பாம்பும் இருக்கலாம். பயிற்சி பெற்ற ஆட்களுக்கு உரிய வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தூரத்திலிருந்து செய்ய நிறைய இருக்கிறது. பள்ளிச் சுவர் ஓட்டையில் மைனா வைக்கோலோடு நுழைந்த நாள் எது? இரை கவ்விக்கொண்டு வரத் தொடங்கிய நாள் எது? அரை மணி நேரத்தில் எத்தனை முறை வந்தது? குஞ்சின் குரல் எப்போது கேட்டது, எப்போது நின்றது? சாலையோரத் தென்னை மொட்டையில் கிளி குடியிருந்தால் அதையும் இப்படிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். அவர்கள் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் தளத்தை நடத்துவதும் அதே கார்னெல் ஆய்வகம்தான். அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஆசிரியரிடம் சொல்லி நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

அதுவரை ஒரு நோட்டு போதும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பார்க்காததை ஊகித்து எழுதாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதியையும் நேரத்தையும் இடத்தையும் மறக்காமல் குறித்துவிடுங்கள்.